திருப்பத்தில் மட்டும் அதிர்கிறது

மார்ச் 4, செவ்வாய்

மாலைப் பிரார்த்தனை முடிந்ததும் வண்டி நோட்டை எடுத்தேன். கிலோமீட்டர் 1,18,640. பின்பக்க டிஃபரன்சியல் ஆயில் மாற்றப்பட்டது. இந்த ஒரு வரியை எழுத ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. என் வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைக்க ஆன காலம் அது.

பிக்கப்பை ஒரு கட்டடக் கம்பெனியிடமிருந்து வாங்கி மூன்று வருடம் ஆகிறது. எஞ்சின் ஆயில் தவறாமல் மாற்றுகிறோம். ஆனால் பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்குகிறதே, அந்தப் பெட்டியை இதுவரை ஒருவரும் திறந்ததில்லை. எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். திருப்பத்தில் வெளிச்சக்கரம் அதிகம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டுவதும் அதுதான். உள்ளே உட்கார்ந்து ஓயாமல் கணக்குப் பார்க்கிற பொருள். எனக்கு அதன்மேல் ஒரு பாசம் உண்டு.

ஓடுகிற வண்டியை எதற்கு நோண்டுகிறாய் என்பார் அவர். ஓடாத வண்டியை நோண்டி என்ன செய்வது என்பேன் நான். கடைசியில் நான்தான் ஜெயித்தேன்.

வண்டியோடு வந்த புத்தகத்திலிருந்து நான் எழுதி வைத்திருக்கும் அட்டவணையைப் பார்த்து, ஆயிலையும் நானே போய் வாங்கினேன். கெட்டிக்கு 80-90 நம்பர், தரத்துக்கு ஜி.எல்-5. புட்டியில் இரண்டும் சரியாக இருந்தன. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டுவது நீங்களா என்றார். ஓட்டுவது அவர், வண்டிக்குப் பதில் சொல்வது நான் என்றேன்.

மெக்கானிக் கீழே படுத்ததும் அடி போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். "அண்ணே, மொதல்ல மேல இருக்கறத கழட்டுங்க" என்றேன். அடியைத் திறந்து பழைய ஆயிலை வடித்த பிறகு மேல்துவாரம் திறக்க வரவில்லை என்றால் புதிய ஆயிலை எங்கே ஊற்றுவது? அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேல் போல்ட்டைப் பிடித்தார். அது அசையவே இல்லை. முக்கால் மணி நேரம் போராடித்தான் கழன்றது. அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

பழைய ஆயில் தார் மாதிரி வந்தது. போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை, அவ்வளவுதான். இரும்புத் துண்டு எதுவும் இல்லை. பல்சக்கரம் நன்றாக இருக்கிறது என்று அவரே சொன்னார். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்று மனசு நிறைவாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்

கண்ணாடிக்கடை லோடு, பன்னிரண்டு ஷீட்டோடு கிளம்பியிருக்கிறார். ஆண்டவனே, கூடவே இரு.

மார்ச் 6, வியாழன்

சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். நேற்று சாயங்காலத்திலிருந்து வண்டி திருப்பத்தில் அதிர்கிறதாம். மெதுவாக ஒடித்துத் திருப்பினால் பின்னால் யாரோ ரம்பத்தை வைத்து அச்சை அறுப்பது போலக் கடகடவென்று உதறுகிறதாம். ஆயில் மாற்றுவதற்கு முன்னால் இப்படி இருந்ததில்லையாம்.

கடைசி வாக்கியத்தை ரொம்ப மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கட்டும் என்று.

மார்ச் 8, சனி

உடைந்துவிட்டது.

கண்ணாடிக்கடை கேட்டுக்குள் திரும்பும்போது வண்டி உதறி, சாய்வுச் சட்டத்தில் நிறுத்தியிருந்த ஷீட்டுகள் ஒன்றோடொன்று மோதி, இரண்டு குறுக்கே விரிசல் விட்டுவிட்டன. கடைக்காரர் நல்ல மனுஷர். கத்தவில்லை. "வண்டிய சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் வேற ஆள் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கத்தியிருந்தால் தேவலை என்கிறார் இவர். எங்கள் வேலையில் முக்கால்வாசி அவர் கடையிலிருந்து வருவது.

மெக்கானிக் வண்டியை ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தார். கிரவுன் போய்விட்டது என்றார். கிரவுன் என்பது பெட்டிக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம். பழைய கெட்டி ஆயிலில் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஓடியதாம், புது ஆயில் போய்க் கழுவிவிட்டு உள்ளே இருந்த தேய்மானத்தை வெளியே கொண்டுவந்துவிட்டதாம். முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டுமாம். அவர் சொன்ன தொகையைக் கேட்டு இவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் என்ன பண்ணட்டும்? அம்மா குடுத்த ஆயிலத்தான் ஊத்தினேன்" என்றார் மெக்கானிக்.

செவ்வாய்க்கிழமை பல்சக்கரம் நன்றாக இருக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். நோட்டையும் விரித்துக் காட்டினேன். அதைப் பார்க்கவே இல்லை. மூத்தாரைத்தான் பார்த்தார்.

ஆம், அதற்குள் மூத்தாரும் வந்துவிட்டிருந்தார். இவருடைய அண்ணன். கிடங்கு வைத்திருக்கிறார். இவர் சொந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து அவருக்கு அது தொண்டையில் மாட்டிய முள். தனக்குத் தெரிந்த ஒருவர் வண்டியை இருக்கிற நிலையிலேயே வாங்கிக்கொள்வார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறேன் என்றார். அதற்குப் பிறகு தம்பி தன் கிடங்கிலேயே டிரைவராக வந்துவிடலாமாம். "மாசம் பொறந்தா சம்பளம். தலைவலி கெடையாது."

இவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தரையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கிடங்கில் இவர் ஏற்கெனவே ஆறு வருடம் வேலை பார்த்தவர். அந்த ஆறு வருடமும் வீட்டுக்கு வந்தால் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார். மறுபடியும் அதற்கா?

கிளம்பும்போது மூத்தார் என்னிடம், "ஏம்மா, நோட்டு எழுதறது நல்ல பழக்கம்தான். வீட்டுக் கணக்கோட நிறுத்திக்க" என்றார்.

நிறுத்த மாட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வேண்டுதலில் மனம் நிற்கவில்லை. கண்ணை மூடினால் அச்சு தெரிகிறது.

ஆண்டவனே, தாழ்மையைக் கொடு என்று தினமும் உன்னிடம் கேட்கிறேன். இந்த வாரம் மட்டும் அதைக் கொஞ்சம் தள்ளி வை. தாழ்ந்து போனால் வண்டி போய்விடும்.

மத்தியானம் ஓர்ப்படி போன் செய்தாள். மூத்தாரின் மனைவி, எனக்கு அக்கா முறை. நலம் விசாரித்தாள். பிறகு, "வீட்டுல இருக்கற எண்ணெயெல்லாம் தீந்துபோச்சா? வண்டி எண்ணெயில போய் கைய வெச்சிருக்கியே" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"கொழம்பு அடிபிடிச்சா அடுப்பையா விப்பீங்கக்கா?" என்றேன்.

போனை வைத்துவிட்டாள். பெரியவளை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பேசியதில் வருத்தமும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

பதில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேள்வி இருக்கிறது: பல்சக்கரம் போயிருந்தால் நேராகப் போகும்போது ஏன் சத்தம் இல்லை?

மார்ச் 11, செவ்வாய்

இன்று நானும் வண்டியில் ஏறினேன். நோட்டும் பேனாவும் மடியில். காலி வண்டி. எங்கே போகணும் என்றார். எங்கேயும் வேண்டாம், நான் சொல்கிறபடி ஓட்டுங்கள் போதும் என்றேன். ஒருமாதிரி பார்த்தார். ஆனால் ஓட்டினார்.

எழுதியதை அப்படியே இங்கே எடுத்து எழுதுகிறேன்.

நேர்ச்சாலை, மெதுவாக: ஒன்றுமில்லை. நேர்ச்சாலை, வேகமாக: ஒன்றுமில்லை. வேகத்தில் பெரிய வளைவு: ஒன்றுமில்லை. மெதுவாக முழுக்க ஒடித்து இடது: அதிர்வு. அதேபோல் வலது: அதிர்வு. பின்னால் எடுத்து ஒடித்தால்: அதிர்வு. அரை மணி நேரம் ஓடி அச்சு சூடான பிறகு: அதிர்வு கூடுகிறது.

திருப்பத்தில் மட்டும்.

இந்தத் தாளோடு மெக்கானிக்கிடம் போனேன். பல் தேய்ந்திருந்தால் நேராக ஓடும்போதும் ஊளையிடாதா என்று கேட்டேன். அவர் டயர் ஒன்றைக் கழற்றிக்கொண்டே, "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாதும்மா. ஆனா வண்டி தாளப் படிக்காது" என்றார். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

படிக்காதுதான். படிக்க வேண்டியது நாம்தானே, அண்ணே? இதை அங்கே சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வருகிறது.

சாயங்காலம் மூத்தார் வந்தார். அவரிடமும் தாளைக் காட்டினேன். காட்டியது என் முட்டாள்தனம். அவர் வாங்கி முழுதும் படித்தார், முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சுலபம்டா. ஞாயித்துக்கெழம வர்றவர நேர் ரோட்டுல கூட்டிட்டுப் போய் காட்டு. எங்கயும் திருப்பாத" என்றார் தம்பியிடம்.

என் கையெழுத்தை வைத்தே ஒருவனை ஏமாற்ற வழி கண்டுபிடிக்கிறார். "மாமா, அவர் வந்தா நானே திருப்பிக் காட்டச் சொல்லுவேன்" என்றேன். குரல் உயரவில்லை. உயராமல் பார்த்துக்கொண்டேன்.

"வண்டி யார் பேருல இருக்கு?" என்றார் மூத்தார்.

இவர் எழுந்து போய் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்.

மார்ச் 12, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்தது எனக்குச் சந்தோஷமாக இல்லை.

எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. இங்கிலீஷ் நானாகக் கற்றது, ஒரு அகராதியை வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக. வண்டிப் புத்தகத்தில் வேண்டிய பக்கங்களை எல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்னால் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. என் நோட்டு இருக்கும்போது புத்தகம் எதற்கு? அவ்வளவு நம்பிக்கை என் கையெழுத்தின் மேல்.

இன்று வேறு வழி தெரியாமல் துணிப்பெட்டியிலிருந்து புத்தகத்தையே எடுத்தேன். ஆயில் அட்டவணை. என் நோட்டில் இருபத்தைந்து வரி. புத்தகத்தில் விரல் வைத்து எண்ணினேன். இருபத்தாறு.

மறுபடியும் எண்ணினேன். இருபத்தாறுதான்.

பின்பக்க டிஃபரன்சியலுக்கு இரண்டு வரி இருக்கிறது. முதல் வரி சாதாரண வகைக்கு. அதை எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம், 'லிமிடெட் ஸ்லிப்' வகைக்கு, தனி ஆயில். அதை நான் விட்டுவிட்டேன். ஏன் என்பதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் நோட்டில் பக்கத்துக்கு இருபத்தைந்து கோடு. இருபத்தாறாவது வரியை எழுதினால் அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடும், பார்க்க அசிங்கமாக இருக்கும். நம்ம வண்டி சாதா வண்டிதானே, இந்த வரி நமக்கெதற்கு என்று நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. வண்டிக்கு அடியில் போயும் பார்க்கவில்லை. பக்கம் அழகாக முடிந்தது.

அந்த அழகுக்குத்தான் இரண்டு ஷீட் கண்ணாடி.

நட்சத்திரத்துக்கான குறிப்பைத் தேடிப் படித்தேன். மூன்று தடவை. அந்த வகையில் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே மெல்லிய தட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒரு சக்கரம் சேற்றில் மாட்டி வெறுமனே சுழன்றால் தட்டுகள் ஒன்றையொன்று பிடித்து மற்ற சக்கரத்தையும் தள்ளும். ஆனால் திருப்பத்தில் அந்தத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொடுக்க வேண்டும். அதற்கென்று மருந்து கலந்த ஆயில் வேண்டும். சாதா ஆயில் ஊற்றினால் தட்டுகள் பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். மெதுவாக ஒடித்துத் திருப்பும்போது அதிரும். இப்படியே எழுதியிருக்கிறது. அச்சடித்து, என் பெட்டியில், துணிகளுக்கு அடியில், இரண்டு வருடமாக.

சேறு. கட்டடக் கம்பெனி சேற்றில் ஓட்டுவதற்காகத்தான் இந்த வகையைக் கேட்டு வாங்கியிருப்பார்களோ?

ஆனால் இது இன்னும் 'இருப்பார்களோ'தான். ஒரு தடவை யூகத்தில் எழுதி அனுபவித்தாயிற்று. இனி யூகம் கிடையாது. பார்க்க வேண்டும். எப்படிப் பார்ப்பது என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

காலையிலேயே அவரிடம் சொன்னேன். இரண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட்டு மேலே வர வேண்டும். எங்களிடம் ஜாக்கி ஒன்று. தாங்கிக்கட்டைகள் மெக்கானிக்கிடம்தான் இருக்கின்றன. கேட்கப் போனார். மெக்கானிக் கட்டையைக் கொடுத்தனுப்பாமல் தானே எடுத்துக்கொண்டு வந்தார். வேடிக்கை பார்க்கத்தான், வேறெதற்கு? நல்லது, பார்க்கட்டும் என்று இருந்தேன்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். மெக்கானிக் பின்பக்கத்தைத் தூக்கி அச்சுக்கு அடியில் கட்டைகளைக் கொடுத்தார். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிட்டார் இவர். நான் இடது சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். மெக்கானிக்கை வலதுபக்கம் போய் நிற்கச் சொன்னேன்.

"அண்ணே, நான் இந்தச் சக்கரத்த முன்னுக்கு சுத்தறேன். சாதா வகையா இருந்தா உங்க பக்கம் பின்னுக்குச் சுத்தும். ரெண்டும் ஒரே பக்கமா சுத்தினா அது வேற வகை. எந்தப் பக்கம் சுத்துதுன்னு நீங்களே சொல்லுங்க."

அது தெரிந்த விஷயம்தான் என்பது போலத் தலையாட்டினார்.

சக்கரம் கனமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். அசைந்தது. சுற்றியது.

"என்னண்ணே?" என்றேன். இன்னொரு தடவை சுற்றச் சொன்னார். சுற்றினேன்.

"முன்னாலதான் சுத்துது" என்றார்.

பிறகு அடியில் படுத்து, பெட்டியின் மேலிருந்த மண்ணையும் கிரீஸையும் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். கட்டைவிரல் அளவுக்கு ஒரு தகடு இருந்தது. எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் புத்தகத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். நட்சத்திர வரியில் இருந்த அதே எழுத்துகள்.

அவர் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டபோது சொன்னேன். தப்பு என்னுடையது. புத்தகத்தில் இருந்ததை நான் நோட்டில் எழுதாமல் விட்டேன், தவறான ஆயிலை வாங்கிக் கொடுத்தேன். ஆனால் கிரவுன் போகவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம். ஆயிலை மாற்றினால் போதும்.

மெக்கானிக் போன பிறகு இவருக்குக் கோபம். "அத அவர் முன்னாடி ஏன் சொன்ன? நாளைக்கு ஊரெல்லாம் பேசுவாங்க."

"பேசட்டும். அப்ப நான் கண்டுபிடிச்சதையும் சேத்துத்தான பேசணும்?"

ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

மார்ச் 14, வெள்ளி

நான்கு கடை. மூன்று பஸ்.

முதல் கடை, போன வாரம் வாங்கிய அதே கடை. அதே புட்டியை எடுத்து நீட்டினார். நட்சத்திர வரியைக் காட்டினேன். "எல்லாம் ஒண்ணுதாம்மா, கம்பெனிக்காரன் சும்மா எழுதுவான்" என்றார். ஒன்று என்றால் எதற்கு இரண்டு வரி என்று கேட்டேன். அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

இரண்டாவது கடையில் 140 நம்பர் கெட்டி ஆயிலைக் கொடுத்து, இதை ஊற்றினால் எந்தச் சத்தமும் அமுங்கிவிடும் என்றார்கள். எனக்கு அமுங்க வேண்டாம், சரியாக வேண்டும். மூன்றாவது கடையில் புட்டி பளபளப்பாக இருந்தது, விலையும் பளபளப்பு. பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தால் ஜி.எல்-4 என்று போட்டிருக்கிறது. அது கியர்பாக்ஸுக்கு. டிஃபரன்சியலின் பல்லுக்கு அது தாங்காது. கடைப் பையன்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று நின்ற இடத்திலேயே அகராதியைத் திறந்து வைத்துப் படித்தேன்.

நான்காவது, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரருக்கு வயதாகிவிட்டது, மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். புத்தகத்தையும் நோட்டையும் வாங்கி வரியைப் படித்தார். ஏணி வைத்து மேல் தட்டிலிருந்து தூசியோடு மூன்று புட்டி எடுத்தார். 80-90, ஜி.எல்-5, லிமிடெட் ஸ்லிப்புக்கு உரியது. மூன்று விஷயம், மூன்றும் இருக்கின்றன. தேதியும் தாண்டவில்லை.

"யார் எழுதினது இது?" என்று என் நோட்டைக் காட்டிக் கேட்டார். நான்தான் என்றேன். "ஒரு வரி விட்டுப்போயிருக்கே."

தெரியும் ஐயா, அதற்காகத்தான் வந்தேன் என்றேன்.

புட்டிகளை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். வழி முழுக்க வேண்டிக்கொண்டே வந்தேன். கால் மரத்துப்போய்விட்டது.

மார்ச் 15, சனி

காலை பத்து மணிக்கு ஆயில் மாற்றினோம். மெக்கானிக் தானாகவே மேல் போல்ட்டை முதலில் கழற்றினார். பதினொரு நாள் ஓடிய ஆயில் வடிந்தது. விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தேன், இரும்புப் பொடி மின்னவில்லை. புது ஆயிலை மேல்துவாரம் வழிகிற வரைக்கும் விட்டார். சரியான அளவுக்கு அதுதான் அடையாளம்.

சரியாக அந்த நேரத்தில் மூத்தார் வந்து சேர்ந்தார், நாளைக்கு வருகிறவருக்காக வண்டியைக் கழுவி வைக்கச் சொல்ல. இவர் வண்டியில் ஏறினார். சந்து முனையில் ஒடித்துத் திருப்பினார்.

கடகடகட.

அப்படியே. கொஞ்சமும் குறையவில்லை.

"பாத்தியா?" என்றார் மூத்தார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மெக்கானிக்கைப் பார்த்துச் சொன்னார். மெக்கானிக் தலையைச் சொறிந்தார். இவர் வண்டியிலிருந்து இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

என்ன தப்பு பண்ணிட்டேன் மறுபடியும்? வேற என்ன விட்டேன்? ஐயோ, இன்னொரு நட்சத்திரமா? குப்பையில் போட்ட காலிப் புட்டியை எடுத்தேன். பின்பக்கத் தாளின் கடைசி வரி. புது ஆயில் தட்டுகளுக்கு இடையில் இறங்க நேரம் எடுக்கும். காலியிடத்தில் மெதுவாக, எட்டு வடிவத்தில், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஓட்டவும். எத்தனை சுற்று என்று போடவில்லை.

வண்டியில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "லாரி நிக்கற காலி எடத்துக்குப் போங்க" என்றேன்.

"இன்னும் என்னம்மா வேணும் உனக்கு?" என்று மூத்தார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"எட்டு போடணும் மாமா. கைய எடுங்க."

லாரிகள் எல்லாம் போய் இடம் வெறுமையாகக் கிடந்தது. அங்கே கிடந்த இரண்டு பழைய டயர்களைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அவற்றைச் சுற்றி எட்டுப் போடச் சொன்னேன். முதல் எட்டில் அச்சு அழுதது. இரண்டு, மூன்று, அப்படியே. ஐந்தில் அவர் போதும் என்றார். ஓட்டுங்க என்றேன். எட்டாவது, ஒன்பதாவது. பதினொன்றில் வலது திருப்பத்தில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஆசையில் அப்படித் தோன்றுகிறதோ என்று நோட்டில் எழுதவில்லை. பதினான்கில் அவரே, "வலதுல இல்ல" என்றார். பதினேழில் இடது பக்கம் ஒரே ஒரு தடவை முனகியது.

பத்தொன்பது, ஒன்றுமில்லை.

இருபது, ஒன்றுமில்லை.

அவர் நிறுத்தவில்லை. நான் எண்ணுவதை நிறுத்திய பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரு கையால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மறு கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு. தலை சுற்றுகிறது, நிறுத்துங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆண்டவனே, நன்றி. தாழ்மையை நாளை மறுநாளிலிருந்து கொடு. நாளைக்கு வேண்டியிருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

வாங்க வந்தவர் நல்ல விவரமானவர். நேர்ச்சாலையில் போகவே இல்லை. நேராக எங்கள் சந்துக்குள் விட்டு இடதும் வலதும் ஒடித்துப் பார்த்தார். இறங்கி வந்து, பேசியதற்கு மேலேயே தருகிறேன் என்றார்.

மூத்தாருக்கு ஒரே சந்தோஷம். பேசியதைவிட அதிகம் கிடைக்கிறது, கையோடு முடித்துவிடு என்றார் தம்பியிடம். வண்டியைச் சரியாக்கி, விற்க வசதி பண்ணிக் கொடுத்துவிட்டேனா? பேச வாயெடுத்தேன்.

அதற்குள் இவர் பேசினார். "இல்லண்ணே. நாளைக்குக் கண்ணாடிக்கடைக்குப் போறேன்."

அவ்வளவுதான். வந்தவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூத்தார் தண்ணீர் குடிக்காமல் போனார்.

மார்ச் 17, திங்கள்

கண்ணாடிக்கடைக்காரர் முதலில் காலி வண்டியைத் திருப்பிக் காட்டச் சொன்னாராம். காட்டினாராம். நான்கு ஷீட் ஏற்றினார்கள். நான்கும் முழுதாகப் போய்ச் சேர்ந்தன.

ஆயில் அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். இரண்டு பக்கம் வருகிறது. வரட்டும்.

மார்ச் 24, திங்கள்

கிலோமீட்டர் 1,19,505. பதினான்கு ஷீட்.

காலைப் பிரார்த்தனையில் இருந்தபோது வாசலில் மெக்கானிக் குரல். நான் எழுந்திருக்கவில்லை. முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். கடையில் ஒரு பிக்கப் நிற்கிறதாம், பின் ஆயில் மாற்ற வந்திருக்கிறதாம். அந்த அட்டவணையைக் கொஞ்சம் கொடுத்தால் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார்.

அது எங்கள் வண்டிக்கு மட்டும்தான், அந்த வண்டிக்கு என்ன என்பதை அந்த வண்டியின் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

"புஸ்தகம் இருக்கும்மா. இங்கிலீஷ்ல இல்ல இருக்கு."

"கொண்டு வாங்கண்ணே."

பத்து நிமிடத்தில் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன்னால் இரண்டு கையையும் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டார்.